போனிரியில் ஃபெர்டினாண்ட் தோற்றது எதனால்? இயந்திரத் துப்பாக்கி இல்லாததாலா?

மாடல்கட்டி | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். 1/35 அளவில் ஒரு ஃபெர்டினாண்ட் மாடல் (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி அழிப்பான்) கட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனி அடியில் வைக்கப்போகும் காட்சிதான் பாக்கி. ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க் போரின் வடக்கு முனை, போனிரி, ஜூலை 1943. சோவியத் காலாட்கள் நாலு பேர் பெட்ரோல் பாட்டிலோடு வண்டியின் முதுகில் ஏறுவதுபோல வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

எங்கே பார்த்தாலும் அந்தக் கதைதானே சொல்கிறார்கள்? 65 டன் வண்டி, முன்பக்கம் 200 மி.மீ. கவசம், நீளக் குழாய் 88 மி.மீ. பீரங்கி, ஆனால் ஒரு இயந்திரத் துப்பாக்கிகூடக் கிடையாது. காலாட்கள் கிட்டே வந்ததும் கையாலாகாமல் நின்று எரிந்துபோயின. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் பையன், "இவ்ளோ பெருசா கட்டினவனுக்கு ஒரு சின்னத் துப்பாக்கி வைக்கத் தோணலையாப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நிஜமாகவே அதுதான் காரணமா?

வரைபடப்பைத்தியம் | ஞாயிறு, இரவு 10:25

பையன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கதையில் பாதிதான் உண்மை.

முதலில் வண்டியின் பிறப்பைப் பாருங்கள். டைகர் டாங்கிக்கான போட்டியில் போர்ஷேவின் வடிவம் ஹென்ஷெல் நிறுவனத்திடம் தோற்றது. அதற்குள் ஆஸ்திரியாவில் நிபெலுங்கன் ஆலையில் சுமார் 100 உடற்கூடுகள் தயாராகிக் கிடந்தன. வீணாக்குவானேன் என்று அவற்றில் 90 சொச்சத்தை டாங்கி அழிப்பான்களாக மாற்றினார்கள். ஆக, தேவையைப் பார்த்துச் செய்த வண்டி அல்ல, மிச்சத்தை வைத்துச் செய்தது. பழைய சோற்றைத் தாளித்த மாதிரி. சுவையாகவும் இருக்கலாம், வயிற்றையும் கெடுக்கலாம்.

653, 654 என்று இரண்டு பட்டாலியன், ஒவ்வொன்றிலும் 45 வண்டி. 656-வது ரெஜிமென்ட்டின் கீழ், ஜெர்மன் தளபதி வால்ட்டர் மோடலின் 9-வது ராணுவத்துக்கு ஈட்டிமுனையாக ஜூலை 5-ஆம் தேதி காலை இறக்கினார்கள். எதிரே சோவியத் தளபதி ரொக்கசோவ்ஸ்கி மாதக்கணக்கில் தோண்டி, புதைத்து, அளந்து வைத்திருந்த கண்ணிவெடி வயல்கள். பாதை திறக்க ரிமோட்டில் ஓடும் போர்க்வார்ட் வெடிவண்டிகளை முன்னால் அனுப்பினார்கள். சில இடங்களில் பாதையும் திறந்தது. ஆனால் சோவியத் பீரங்கி மழையில் பொறியாளர்களால் அந்தப் பாதைக்கு அடையாளம் நட முடியவில்லை. பின்னால் வந்த ஃபெர்டினாண்டுக்கு எது திறந்த பாதை, எது திறக்காத மண் என்று தெரியாது. ஓட்டுநருக்கு இருப்பதோ கையளவுப் பார்வைத்துளை.

முதல் நாள் மாலைக்குள் 653-இன் 45 வண்டிகளில் ஓடக்கூடியவை ஒரு டஜன்தான். அன்று காலாட்கள் பாட்டில் வீசியதால் நடந்தது இல்லை இது. டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) அறுந்தது, சக்கரம் பெயர்ந்தது. பிற்பாடு போனிரியைச் சுற்றிக் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றில் 21-ஐ சோவியத் நிபுணர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துவைத்தார்கள். அதிலும் கண்ணிவெடியில் கால் போனவைதான் அதிகம். முன்கவசத்தை யாரும் துளைக்கவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே அடியில்தான் வெடித்தது.

இரும்புக்குதிரை | ஞாயிறு, இரவு 11:05

சார், ஒரு நிமிஷம். இயந்திரத் துப்பாக்கி விஷயத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. குடேரியன் அப்போது கவசப்படைகளின் தலைமை ஆய்வாளர். காடை சுடுவதற்குப் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று என்று அவரே கிண்டலடித்திருக்கிறார். அடுத்த குளிர்காலத்தில் மிஞ்சிய வண்டிகளை ஆலைக்கு அனுப்பிப் புதுப்பித்தபோது முதல் வேலையாக முன்பக்கம் ஒரு எம்ஜி (இயந்திரத் துப்பாக்கி) வைத்தார்கள். தளபதிக்கு சுற்றிப் பார்க்க ஒரு கூண்டும் வைத்தார்கள். தப்பே இல்லை என்றால் ஏன் திருத்தினார்கள்?

வரைபடப்பைத்தியம் | ஞாயிறு, இரவு 11:30

எம்ஜி இருந்திருந்தால் நல்லதுதான். மறுக்கவில்லை. ஆனால் நீங்களே அடுத்த அடியையும் எடுத்து வையுங்கள். எம்ஜி வைத்துப் புதுப்பித்து, எலிஃபண்ட் என்று பெயர் மாற்றிய பிறகு என்ன ஆயிற்று? 1944 பிப்ரவரியில் 11 வண்டிகள் இத்தாலியில் அன்ஸியோவுக்குப் போயின. சேறு, குறுகிய ரோடு, 65 டன்னைத் தாங்காத பாலங்கள், தலைக்கு மேல் விமானங்கள். அந்தக் கோடை முடியும்போது திரும்பியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எம்ஜி அங்கே யாரைக் காப்பாற்றியது? அங்கே பிடிபட்ட ஒன்று இன்றும் அமெரிக்காவில் இருக்கிறது. இன்னொன்று ரஷ்யாவில் குபின்காவில். உலகத்தில் மிச்சம் இருப்பவை இந்த இரண்டுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அதே குர்ஸ்கில் எதிர்ப்பக்கம் இருந்த எஸ்யூ-152 என்ற சோவியத் பீரங்கி வண்டியிலும் எம்ஜி கிடையாது. எஸ்யூ-85, எஸ்யூ-100 இரண்டிலும் கிடையாது. அவற்றை யாராவது "எம்ஜி இல்லாததால் நாசமாய்ப் போன வண்டி" என்கிறார்களா? சோவியத்தார் அவற்றை டாங்கிகளுக்குச் சில நூறு மீட்டர் பின்னால் ஓட்டினார்கள், மேலே தானியங்கித் துப்பாக்கியோடு வீரர்களை உட்காரவைத்தார்கள். முன்னால் போகும் டி-34 டாங்கி மீது எந்தப் பீரங்கி சுடுகிறதோ, அதைப் பார்த்துச் சுடுவதுதான் பின்னால் வருபவரின் வேலை. எம்ஜி வேலையை வேறு யாரோ செய்தார்கள். மோடலின் ஆட்கள் அந்த வேறு யாரோவைப் போதிய அளவு கூடவே அனுப்பவில்லை. அனுப்பிய காலாட்படையையும் பீரங்கி மழை வண்டிகளிடமிருந்து பிரித்துவிட்டது.

பட்டறை_சுப்பு | திங்கள், காலை 6:15

தம்பிகளா, நான் போர்த்தந்திரம் படித்தவன் இல்லை. ராணுவப் பட்டறையில் 22 வருஷம் கையில் கிரீஸோடு இருந்தவன். நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

கண்ணிவெடியில் டிராக் அறுந்தால் வண்டி செத்துவிடாது. லிங்க் மாற்றலாம், சக்கரம் மாற்றலாம், ஒரு ராத்திரி வேலை. கேள்வி என்னவென்றால், அந்த ராத்திரி அந்த இடம் யார் கையில் இருக்கிறது? அந்த இடத்திலிருந்து அதை யார் இழுப்பது?

எங்கள் காலத்தில் பஞ்சாபில் ஒரு பயிற்சியின்போது கால்வாய்க் கரைச் சேற்றில் ஒரு விஜயந்தா இறங்கிவிட்டது. நம் ஆவடியில் செய்த வண்டிதான், 40 டன் பக்கம். வயிறு தரையில் ஒட்டிவிட்டால் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். 40 டன்னை இழுக்க 40 டன் விசை போதாது. மீட்பு வண்டியைக் கொண்டுவந்து, அது பின்னால் சறுக்காமலிருக்க அதன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, வின்ச் ரோப்பைக் கப்பி போட்டு இரட்டிப்பாக்கி இழுத்தோம். ரோப் இறுக இறுக ஒரு மாதிரி முனகும். அந்தச் சத்தம் கேட்டால் பழைய ஆள் யாராக இருந்தாலும் தானாகப் பின்னால் நகர்ந்துவிடுவான். அன்றைக்கு ஒரு ஷாக்கிள் (ரோப்பை மாட்டும் இரும்புக் கொக்கி) பிய்த்துக்கொண்டு போய் நாற்பது அடி தள்ளி நின்ற ஜெர்ரி கேனைத் துளைத்தது. ஆள் யாரும் அங்கே நிற்கவில்லை, தெய்வாதீனம். வண்டி கரை ஏறக் காலையிலிருந்து சாயங்காலம் ஆயிற்று. யாரும் எங்களைச் சுடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 65 டன்னை யோசியுங்கள். ஜெர்மானியரிடம் இருந்தது 18 டன் இழுக்கும் ஹாஃப்டிராக் (முன்னால் சக்கரம், பின்னால் டிராக் உள்ள இழுவை வண்டி). ஒரு டைகருக்கே மூன்று வேண்டும். இதற்கு நாலு, ஐந்து பூட்ட வேண்டும். அவற்றுக்குக் கவசம் கிடையாது. ஐந்து வண்டியை வரிசையாகக் கட்டி, ஐந்து டிரைவரும் ஒரே நொடியில் கிளட்சை விட வேண்டும், பீரங்கிக் குண்டு விழும் வயலில். முன்னேறிப் போகும்வரை இடம் உங்கள் கையில், ராத்திரி போய் எடுத்துவிடலாம். பின்வாங்கத் தொடங்கினால் வெடிவைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்த மின்சார சமாசாரம். இரண்டு மேபாக் பெட்ரோல் என்ஜின், அவை சுற்றும் ஜெனரேட்டர், அந்தக் கரண்டில் ஓடும் மோட்டார். ரயில் என்ஜினுக்கு அருமை. புழுதி வயலில் அதைத் தூக்கிப் பிரிக்க வேண்டிய மெக்கானிக்கை நினைத்தால் எனக்கு இப்போதே முதுகு வலிக்கிறது.

மாடல்கட்டி | திங்கள், காலை 8:50

ஐயா, காலையில் காபியோடு படித்தேன், காபி ஆறிவிட்டது. பெட்ரோல் பாட்டில் ஆட்களை இன்னும் ஒட்டவில்லை, நல்லவேளை.

சரி, அப்படியானால் இந்த மாதிரி வண்டியை எப்படித்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும்? அல்லது கட்டியதே தப்பா?

கோணமானி | திங்கள், பகல் 12:10

டரட் (சுழலும் பீரங்கிக் கூண்டு) இல்லாத வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். யாக்ட்பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி அழிப்பானை எடுத்துக்கொள்வோம். அதே 88 மி.மீ., பாந்தர் உடல், 46 டன். பீரங்கி இடப்பக்கம் 11 டிகிரி, வலப்பக்கம் 11 டிகிரிதான் திரும்பும்.

ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். 500 மீட்டர் தூரத்தில் 11 டிகிரி என்பது ஒரு பக்கத்துக்கு 97 மீட்டர். குறுக்கே ஒரு டி-34 மணிக்கு 30 கி.மீ.யில் போகிறது, அதாவது நொடிக்கு 8 மீட்டர் சொச்சம். நடுக்கோட்டிலிருந்து உங்கள் வீச்சை விட்டு வெளியேற அதற்கு 12 நொடி போதும். ஒரு குண்டு சுட்டு, தவறி, திருத்தி, இன்னொன்று போடுவதற்குள் அது போயே போய்விடும். அப்புறம் முழு வண்டியையும் திருப்ப வேண்டும்.

அதே டாங்கி 1500 மீட்டரில் குறுக்கே போனால் 35 நொடி கிடைக்கும். நாலு குண்டு தாராளமாக. அந்தத் தூரத்தில் டி-34-இன் பீரங்கியால் உங்கள் முன்கவசத்தை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் குண்டோ நொடிக்கு 1000 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. இரண்டாவது நொடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகத் தூரம்தான் இந்த வண்டிக்கு டரட். தூரத்தைக் கொடுத்தால் அது ராஜா. கிட்டத்தில் விட்டால் கழுத்துத் திருப்ப முடியாதவன்.

முழு வண்டியையும் திருப்புவது சும்மா இல்லை. பாந்தர் குடும்பத்தின் இறுதி கியர்கள் பலவீனமானவை என்பது ஊரறிந்தது. நின்ற இடத்தில் வெட்டித் திருப்பினால் அங்கேதான் பாரம் விழும். கூடவே என்ஜின் உறுமல், புழுதி, அசையும் புதர். ஒளிந்திருந்தவன் கையை ஆட்டி "நான் இங்கே" என்ற மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு மூன்றாக நிறுத்தி, ஒருவன் வீச்சு முடியும் இடத்தில் அடுத்தவன் வீச்சு தொடங்கும்படி வைப்பார்கள். நாலைந்து குண்டு சுட்டதும் ரிவர்ஸில் பின்வாங்கி வேறு இடம். முன்முகத்தை எதிரியிடமிருந்து திருப்பாமல் பின்னால் போவதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.

வரைபடப்பைத்தியம் | திங்கள், இரவு 9:00

அதற்கு அச்சு அசலான உதாரணம் நார்மண்டியில் இருக்கிறது. 1944 ஜூலை 30, பிரிட்டிஷாரின் புளூகோட் நடவடிக்கையின் முதல் நாள். 6-வது கார்ட்ஸ் டாங்கிப் பிரிகேடைச் சேர்ந்த ஸ்காட்ஸ் கார்ட்ஸின் சர்ச்சில் டாங்கிகள், காலாட்படை பின்தங்கினாலும் நிற்காமல் லெ லோஜ் கிராமத்தருகே 226-ஆம் குன்றைப் பிடித்துவிட்டன. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் இடப்பக்கம் முன்னேறியிருக்க வேண்டிய டிவிஷன் தாமதமாகிவிட்டது. அந்தப் பக்கம் திறந்த வாசல்.

அந்த வாசலில் நின்றது இதே 654-வது பட்டாலியன். குர்ஸ்கில் ஃபெர்டினாண்ட் ஓட்டியவர்கள், இப்போது யாக்ட்பாந்தரில். மூன்றே வண்டிகள் இடப்புறத்து மரங்களுக்குள்ளிருந்து சுட ஆரம்பித்தன. சில நிமிஷங்களில் 11 சர்ச்சில் போயின. அந்த ஸ்குவாட்ரனின் தளபதி யார் தெரியுமா? வில்லியம் வைட்லா. பிற்காலத்தில் மார்கரெட் தாட்சருக்கு அடுத்த இடத்தில் இருந்த அரசியல்வாதி. அன்று வேறு பக்கம் போயிருந்தவர் குன்றுக்குத் திரும்பியபோது இடப்பக்கத்து டாங்கிகள் எரிந்துகொண்டிருந்தன.

போனிரியில் தோற்ற அதே பட்டாலியன்தான். ஒரு வருஷத்தில் ஆட்கள் மேதையாகிவிடவில்லை. நிறுத்திய இடம் மாறியது.

இரும்புக்குதிரை | திங்கள், இரவு 9:45

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்த மூன்றில் இரண்டு வண்டிகள் டிராக் சேதமாகிப் பின்னால் கைவிடப்பட்டன. குன்றும் பிரிட்டிஷார் கையிலேயே இருந்தது. 11-க்கு 2 என்று புள்ளிப்பட்டியல் போட்டால் ஜெர்மானியர் ஜெயித்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் தோற்றார்கள்.

இன்னொன்று. பதுங்கி நின்று தூரத்தில் சுடுவதுதான் வேலை என்றால் 200 மி.மீ. கவசம் எதற்கு? அதே நீளக் குழாய் 88-ஐ நாஸ்ஹார்ன் என்ற டாங்கி அழிப்பானிலும் வைத்தார்கள். 24 டன், மேல்கூரை இல்லை, சுற்றி 10 மி.மீ. தகடு. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும், அவ்வளவுதான். ஆனால் பாலம் தாங்கும், இழுத்துப் போக முடியும், கிட்டத்தட்ட 490 கட்ட முடிந்தது. 1943 டிசம்பரில் வித்தெப்ஸ்க் பக்கம் ஜெர்மன் அதிகாரி ஆல்பர்ட் எர்ன்ஸ்ட் பெயர் வாங்கியது நாஸ்ஹார்னில்தான். 1945 மார்ச்சில் கொலோன் அருகே ஒரு அமெரிக்கப் பெர்ஷிங் டாங்கியை முடித்ததும் ஒரு நாஸ்ஹார்ன்தான்.

லேட்டாவந்தவன் | திங்கள், இரவு 10:20

கவசமே வேண்டாம் என்றால் நம் அப்துல் ஹமீதை மறக்கலாமா? 1965 செப்டம்பர், கேம்கரண் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குள் ஜீப், ஜீப்பின் மேல் 106 மி.மீ. ரீகாயில்லெஸ் கன். எதிரே பேட்டன் டாங்கிகள். பரம்வீர் சக்ரா சும்மாவா கொடுத்தார்கள்!

வரைபடப்பைத்தியம் | திங்கள், இரவு 10:40

ஒளிவு, பக்கவாட்டுச் சூடு, இடம் மாற்றுவது, மூன்றும் அங்கேயும் இருந்தன. ஆனால் அவர் உயிரோடு திரும்பவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். ஜீப்பால் இரண்டாவது தவறைத் தாங்க முடியாது. கவசத்தின் வேலை அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதுதான். இதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

கோணமானி | செவ்வாய், காலை 7:30

இரும்புக்குதிரை சொன்ன அதே எர்ன்ஸ்ட் கடைசியில் எதில் இருந்தார் பாருங்கள். 1945-இல் 512-வது பட்டாலியனின் யாக்ட்டைகர் கம்பெனித் தளபதி. 128 மி.மீ. பீரங்கி, முன்னால் 250 மி.மீ. கவசம், 70 டன்னுக்கு மேல் எடை. அதை இழுக்க, 45 டன் பாந்தரில் இருக்கும் அதே 700 குதிரைசக்தி என்ஜின். ஏப்ரல் 16-ஆம் தேதி இசெர்லோன் ஊரில் அமெரிக்கரிடம் சரணடைந்தார்.

அதே பட்டாலியனின் இன்னொரு கம்பெனிக்கு ஓட்டோ காரியுஸ். டைகரில் பெயர் பெற்ற மனிதர், யாக்ட்டைகரைப் பற்றி அவருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. கொஞ்ச தூரம் காட்டுவழி ஓடினாலே பீரங்கியும் குறிநோக்கியும் ஒத்துப்போகாமல் விலகிவிடும். குழாயைத் தாங்கும் பூட்டு வெளியே முன்னால் இருக்கிறது, எதிரியைப் பார்த்த பிறகு ஆள் இறங்கிப்போய்க் கழற்ற வேண்டும். அவர் சொல்வதில் என்னை உலுக்கியது இது: சண்டையில் ஒரு வண்டித் தளபதி ரிவர்ஸில் வராமல் வண்டியைத் திருப்பினார். பக்கவாட்டில் அடி விழுந்தது. ஆறு பேரும் போனார்கள்.

நேற்று நான் எழுதிய முதல் பாடம் அது. 250 மி.மீ. தகடு வைத்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கவில்லை.

இரும்புக்குதிரை | செவ்வாய், காலை 9:10

அமெரிக்கர் எதிர்த்திசையில் போனதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தளபதி மக்நேர் கொண்டுவந்த சிந்தனை: டாங்கி அழிப்பான்களை முன்வரிசையில் வைக்காதே, பின்னால் சேமித்து வை, எதிரி டாங்கிகள் உடைத்துக்கொண்டு வந்தால் வேகமாக ஓடிப்போய் மறி. எம்10, எம்18, எம்36 எல்லாம் அதற்காக மேல்திறந்த, மெல்லிய வண்டிகள். ஆனால் மூன்றுக்கும் டரட் உண்டு. 1943 மார்ச் 23-இல் துனிசியாவில் எல் குத்தாரில் 601-வது பட்டாலியன் ஜெர்மானியரின் 10-வது பான்சர் (டாங்கி) டிவிஷனை மறித்தது, ஆனால் தன் ஹாஃப்டிராக் பீரங்கி வண்டிகளில் பாதிக்கு மேல் இழந்தது. அப்புறம் ஐரோப்பாவில் உடைத்து வரும் பெரிய டாங்கிக் கூட்டம் அடிக்கடி கிடைக்கவில்லை. காலாட்படைக்குத் துணையாகவும், சாதாரண பீரங்கி மாதிரியும்தான் பெரும்பாலும் சுட்டார்கள். போர் முடிந்ததும் அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள்.

வரைபடப்பைத்தியம் | செவ்வாய், பகல் 1:15

மாடல்கட்டி, உங்கள் கேள்விக்கு என் பதில். 656-வது ரெஜிமென்ட் ஜூலை 5 முதல் 27 வரை 502 டாங்கிகளை அழித்ததாகக் கோரியது. கோருவது வேறு, நடந்தது வேறு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய எண்தான். கவனிக்க வேண்டியது தேதி. ஜூலை 12-இல் சோவியத் ஓரெல் பக்கம் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த வண்டிகள் போய் முட்டவில்லை, நின்று சுட்டன. வந்த டாங்கிகள் திறந்த வெளியில், தூரத்தில் வந்தன. கண்ணிவெடி வயல் இப்போது அவர்களுக்கு.

அதே வண்டி, அதே ஆட்கள், அப்போதும் எம்ஜி கிடையாது. ஆனாலும் குர்ஸ்க், ஓரெல் இரண்டிலும் சேர்த்து 39 வண்டிகள் மொத்தமாகப் போயின. அதில் பின்வாங்கும்போது இழுக்க முடியாமல் விட்டவை எத்தனையோ. அதைச் சுப்பு ஐயா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

மாடல்கட்டி | செவ்வாய், இரவு 10:00

பையனிடம் சொன்னேன். "அப்போ துப்பாக்கி வச்சிருந்தாலும் மாட்டியிருக்குமா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவனுக்கு, பெட்ரோல் பாட்டில் ஆட்களுக்கு அவன்தான் பெயிண்ட் அடித்திருந்தான். அவர்களைத் தனியாக ஒரு டி-34 மேல் ஏற்றிவிடுவதாக ஒப்பந்தம்.

காட்சியை மாற்றிவிட்டேன். இடது டிராக் அறுந்து பாய்போல விரிந்து கிடக்கிறது, முன்சக்கரத்தின் கீழே பள்ளம். முன்னால் மூன்று ஹாஃப்டிராக். கேபிளுக்குக் கிதார் தந்தி வாங்கி வந்திருக்கிறேன். படம் நாளைக்குப் போடுகிறேன்.

பட்டறை_சுப்பு | புதன், காலை 6:05

மூன்று போதாது தம்பி, ஐந்து வை. பணம் ஆகும் என்றால் இரண்டைப் பலகைக்கு வெளியே இருப்பதாக வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் ஓரம்வரை கொண்டுபோ. கேபிள் தொங்கக்கூடாது, நூல் பிடித்தாற்போல இருக்கட்டும். அதன் இரண்டு பக்கமும் ஆள் பொம்மை ஒன்றையும் நிறுத்தாதே.